இன்னும் 32 நிமிடம்: கணிப்பா, கட்டளையா?

ஏஐ பற்றி எங்கட கம்பஸில கதை தொடங்கினா அது எப்பவும் ஒரே இடத்திலதான் போய் நிற்கும். ஒப்படையை சாட்ஜிபிடி எழுதித் தரலாமா, தந்தால் விரிவுரையாளர் கண்டுபிடிச்சிடுவாரா, நாளைக்கு எங்களுக்கெண்டு ஒரு வேலை மிஞ்சுமா. கலைப்பீடத்தில இருக்கிற எங்களிட்ட இந்தக் கடைசிக் கேள்வியை மற்றப் பீடத்துக்காரர் கொஞ்சம் கூடுதல் அக்கறையோட கேட்பினம். ஆனால் சாட்ஜிபிடி வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே ஒரு இயந்திரக் கற்றல் மாதிரி எங்கட போனுக்குள்ள வந்து குந்தியிட்டுது. அதை ஆரும் ஏஐ எண்டு கூப்பிடுறதில்லை. சாப்பாடு ஓடர் பண்ணின கையோட திரையில வருகிற அந்த எண்தான் அது: 'இன்னும் 32 நிமிடம்.'

இந்த எண்ணை நாங்கள் வானிலை அறிக்கை மாதிரித்தான் வாசிக்கிறம். பின்னேரம் மழை வரலாம், எட்டு மணிக்குக் கொத்து வரலாம். பிழைச்சால் கொஞ்ச நேரம் புறுபுறுப்போம், அவ்வளவுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. வானிலை அறிக்கை பிழைச்சதற்காக மழையிடம் ஆரும் விளக்கம் கேட்பதில்லை. மழைக்கு நட்சத்திரம் குறைவதும் இல்லை. டெலிவரி நேரக் கணிப்பு பிழைச்சால் விளக்கம் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார், மோட்டார்சைக்கிளில, முதுகில பெட்டியோட. கணிப்பு பிழைக்கும்போது அந்தப் பிழை ஆருடைய கணக்கில் எழுதப்படுது என்பதைத்தான் நாங்கள் கேட்க விரும்புறம்.

முதலில் அந்த 32 எப்படி வருது எண்டு பார்ப்பம். தூரத்தை வேகத்தால் பிரிச்சால் நேரம் வரும் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது இங்க அதிகம் உதவாது. கடை ஓடரை ஏற்கவேண்டும், சமைக்கவேண்டும். அதற்குள் ஒரு ரைடர் கடைக்கு வரவேண்டும், வந்து காத்திருக்கவேண்டும். பிறகு வீதி. பிறகு வாகனத்தை நிறுத்த ஒரு இடம், பிறகு கேற், படி, லிஃப்ட், கடைசியாகக் கதவு. இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்ணை, ஓடர் போடுவதற்கு முன்னமே காட்டவேண்டும்.

ஊபர் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 2017இல் தங்களுடைய 'மைக்கலாஞ்சலோ' என்ற இயந்திரக் கற்றல் தளத்தைப் பற்றி எழுதியபோது உதாரணமாக எடுத்ததே ஊபர் ஈட்ஸின் டெலிவரி நேரக் கணிப்பைத்தான். அந்த மாதிரிக்கு ஊட்டப்பட்டவை என்ன எண்டும் சொல்லியிருந்தார்கள்: ஓடர் வந்த நேரம், போகவேண்டிய இடம், அந்தக் கடை கடந்த ஏழு நாட்களில் சமைக்க எடுத்த சராசரி நேரம், கடைசி ஒரு மணித்தியாலத்தில் எடுத்த சராசரி நேரம். இவற்றை வைத்து முடிவு மரங்கள் வளர்க்கப்படுகின்றன. ஒரு மரம் 'இரவு ஏழு தாண்டிட்டுதா? கடையில நெரிசலா?' எண்டு கேள்வி கேட்டு ஒரு விடை சொல்லும். அது விட்ட பிழையைத் திருத்த இன்னொரு மரம், அதன் பிழையைத் திருத்த வேறொன்று. இப்படி ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். 2020இல் கூகுள் மப்பும் டீப்மைண்ட் நிறுவனமும் சேர்ந்து வீதித் துண்டுகளை ஒரு வலைப்பின்னலாகப் பார்க்கிற முறையைக் கொண்டுவந்தன. ஒரு சந்தியில் ஏற்படும் நெரிசல் பக்கத்து வீதிகளுக்கு எப்படிப் பரவும் என்பதை அது கற்றுக்கொள்ளும். 2022இல் ஊபர் 'டீப்ஈடிஏ' பற்றி எழுதியது. அதில் வரைபடம் முதலில் ஒரு நேரத்தைச் சொல்லும். அந்த நேரத்துக்கும் உண்மையில் எடுத்த நேரத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் நரம்பு வலையமைப்பு கற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் கெட்டித்தனமான வேலை. அதை நாங்கள் மறுக்கவில்லை. கடைக்காரர் சமைச்சு முடிக்கிற நேரத்தைச் சரியாகக் கணிச்சால் ரைடர் கடை வாசலில வெயிலுக்க நிற்கிற நேரம் குறையும். அந்த நிற்கிற நேரத்துக்குப் பெரும்பாலும் ஆரும் காசு கொடுப்பதில்லை என்பதால் அது சின்ன நன்மை இல்லை. எங்கட வகுப்பிலயே பின்னேரம் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு போகிற பெடியள் இருக்கினம். வீதியைவிடக் கடை வாசல்தான் தங்கட நேரத்தைத் தின்னுது எண்டு அவையே சொல்லுவினம். ஆக கணிக்கவே கூடாது எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை.

சிக்கல் வேற இடத்தில இருக்கு. சாதாரண தரக் கணிதத்தில இடை, இடையம், ஆகாரம் எண்டு மூன்று படிச்சது ஞாபகம் இருக்கா? பரீட்சை முடிஞ்ச கையோட மறந்துபோன விசயம், ஆனால் இங்க தேவைப்படுது. ஒரே கடையிலிருந்து ஒரே வீட்டுக்கு 100 தடவை சாப்பாடு போனது எண்டு வைப்பம். அந்த 100 நேரங்களையும் சின்னதிலிருந்து பெரிசுவரை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது இடையம். அது 32 நிமிடம். செயலியும் 32 எண்டே காட்டுது. கணிப்பு அச்சொட்டாகச் சரி, ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனால் இடையம் எண்டாலே பாதி அதற்குக் கீழ், பாதி அதற்கு மேல் எண்டுதானே அர்த்தம்? அப்ப பிழையே இல்லாத கணிப்பிலயும் கிட்டத்தட்ட 50 தடவை ரைடர் 'பிந்தி' வந்திருப்பார். அவர் சோம்பேறி இல்லை, வழி தவறவும் இல்லை. கோடு கீறப்பட்ட இடம் அப்படி.

100இல் 90 தடவை சொன்ன நேரத்துக்குள்ள போகவேண்டும் எண்டு நினைச்சால் 32க்குப் பதிலாக 45 காட்டவேண்டி வரலாம். அதே தரவு, அதே மாதிரி. கோட்டை மட்டும் தள்ளிக் கீறவேண்டும். எந்த இடத்தில கீறுவது எண்டு கணிதம் சொல்லாது, ஆரோ ஒருவர் கூட்டத்தில இருந்து முடிவெடுக்கவேண்டும். டீப்ஈடிஏ பற்றிய விளக்கத்தில இதை ஒளிக்காமலே சொல்லியிருக்கினம். மாதிரியைப் பயிற்றும்போது, குறைச்சுச் சொன்ன பிழைக்கும் கூட்டிச் சொன்ன பிழைக்கும் வேறு வேறு அளவில் தண்டனை கொடுக்கலாம். அதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கு. பக்கத்துச் செயலி 25 எண்டு காட்டும்போது 45 எண்டு காட்ட எந்த வியாபாரிக்கு மனம் வரும்? பசியோட இருக்கிற நாங்களும் 25ஐத்தான் அமத்துவம். சந்தை அந்தக் கோட்டைக் கீழ்ப் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும்.

வாடிக்கையாளருக்குக் காட்டுகிற அதே எண்ணை வைத்து ரைடரையும் அளக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதைக் கற்பனை பண்ணத் தேவையில்லை. சீனாவில் நடந்திருக்கு.

2020 செப்டெம்பர் 8ஆம் திகதி 'ரென்வூ' என்ற சீன சஞ்சிகை ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டது. தலைப்பு: 'டெலிவரி ரைடர்கள், அமைப்புக்குள் சிக்கியவர்கள்'. சீனாவின் சாப்பாட்டு டெலிவரிச் சந்தையை மெய்துவான், எலமா என்ற இரண்டு நிறுவனங்கள்தான் பங்குபோட்டு வைத்திருந்தன. ('எலமா' எண்டால் 'பசிக்குதா?' எண்டு அர்த்தம். பெயர் வைப்பதில் அவை கெட்டிக்காரர்.) நேரத்தையும் வழியையும் தீர்மானிக்க இரண்டிடமும் சொந்த அமைப்புகள் இருந்தன. மெய்துவானுடையதுக்குப் பெயர் 'உயர் மூளை', எலமாவினுடையதுக்குப் பெயர் 'பேழை'. அந்தக் கட்டுரை சொன்ன கணக்கு இதுதான்: 3 கிலோமீற்றர் தூரத்துக்கு 2016இல் கொடுக்கப்பட்ட உச்ச நேரம் ஒரு மணித்தியாலம். 2017இல் அது 45 நிமிடமானது. 2018இல் 38 நிமிடம்.

இரண்டு வருடத்தில வீதி குறுகவில்லை, மாடிகளின் உயரமும் குறையவில்லை. பிறகு எங்கயிருந்து வந்தது அந்த 22 நிமிடம்? ஒரு பகுதி, ஓடர்களை நல்லாக அடுக்கியதால் வந்திருக்கும். அது அல்கோரிதத்தின் கெட்டித்தனம். இன்னொரு பகுதி ரைடர்களின் உடம்பிலிருந்து வந்தது. பிந்தினால் தண்டம், நட்சத்திரக் குறைவு, வருமானக் குறைவு. அதனால் சிவப்பு விளக்கைத் தாண்டினார்கள், ஒருவழிப் பாதையில எதிர்ப்பக்கமாக ஓடினார்கள். சில வேளைகளில் அமைப்பு காட்டிய வழியே எதிர்ப்பக்க வழிதான் எண்டு ரைடர்கள் அந்தச் சஞ்சிகைக்குச் சொன்னார்கள். 2017இன் முதல் ஆறு மாதங்களில் ஷாங்காய் நகரில் சராசரியாக இரண்டரை நாளைக்கு ஒரு டெலிவரி ரைடர் காயப்பட்டார் அல்லது உயிரிழந்தார் என்ற போக்குவரத்துப் பொலிஸின் தரவையும் கட்டுரை எடுத்துக் காட்டியது.

இதில் எங்களைக் கூடுதலாகத் துன்பப்படுத்தியது ஒரு நுணுக்கமான விசயம். சிவப்பு விளக்கைத் தாண்டி 38 நிமிட வேலையை 34 நிமிடத்தில முடிச்ச ரைடரின் பயணம் அடுத்த நாள் தரவாகப் போய்ச் சேருது. மாதிரிக்கு சிவப்பு விளக்குத் தெரியாது, 34 எண்ட எண்தான் தெரியும். 'ஓ, இந்த வழியை 34இல ஓடலாம்போல' எண்டு அது கற்றுக்கொள்ளுது. ஆயிரக்கணக்கான பேர் அப்படி ஓடினால் நாளைய கணிப்பு குறையும். நாளைக்கு அந்தக் குறைஞ்ச நேரத்தைப் பிடிக்க இன்னும் வேகமாக ஓடவேண்டும். அதுவும் தரவாகும். பயத்தில ஓடின ஓட்டமே அடுத்தவனுக்கு அளவுகோலாக மாறுது. ஆரும் கெட்ட எண்ணத்தோட செய்யத் தேவையில்லை. கண்காணிக்க ஒரு ஆள் இல்லாட்டில் அது தானாகவே அந்தப் பக்கம் சரியும்.

வானிலை அறிக்கை உதாரணத்துக்கு இங்க முழுசாக விடை கொடுக்கலாம். மழையைக் கணிப்பதால் மழை மாறாது. மனிதரின் வேகத்தைக் கணிச்சு, அந்தக் கணிப்பையே அவருக்குக் காலக்கெடுவாகக் கொடுத்தால் அவர் மாறுவார். பிறகு 'பாருங்கோ, எங்கட மாதிரி 95 சதவீதம் சரி' எண்டு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மாதிரி உலகத்தைச் சரியாகக் கணிச்சதா, இல்லாட்டி உலகம் மாதிரிக்குப் பொருந்தும்படி ஓடித் திரிஞ்சதா எண்டு அந்த 95ஐ மட்டும் பார்த்துச் சொல்ல ஏலாது.

கட்டுரை வந்த மறுநாளே எலமா பதில் சொன்னது. செயலியில ஒரு புதுப் பொத்தான் வரப்போகுது: 'நான் இன்னும் 5 நிமிடம் அல்லது 10 நிமிடம் காத்திருக்கத் தயார்.' சீன இணையவாசிகள் கொதிச்சுப் போனார்கள். கோட்டைக் கீறியது நிறுவனம், தள்ளிக் கீறச் சொல்லி எங்கட மனச்சாட்சியிடம் கேட்குது எண்டால் இது என்ன நியாயம் எண்டு கேட்டார்கள். அதே நாள் மெய்துவான் 8 நிமிட நெகிழ்வு கொடுப்பதாகச் சொன்னது. 2021 ஜூலையில் சீன அரசின் ஏழு திணைக்களங்கள் சேர்ந்து வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டன. 'மிகக் கடுமையான அல்கோரிதத்தை' வைத்து ரைடரை மதிப்பிடக் கூடாது, நடுத்தரமான அளவை எடுக்கவேண்டும் எண்டது அது. அந்த வருடம் செப்டெம்பரில் மெய்துவான் தன்னுடைய நேரக் கணிப்பு முறையைப் பகிரங்கமாக விளக்கியது. நான்கு விதமாகக் கணக்கிட்டு, வருவதில் மிகக் கூடிய நேரத்தையே ரைடருக்குக் கொடுப்பதாகவும், ஒரே ஒரு நிமிடத்துக்குப் பதிலாக ஒரு நேர இடைவெளியைக் காட்டிப் பரீட்சிப்பதாகவும் சொன்னது. கவனிச்சுப் பாருங்கோ, கணிதத்தில புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சஞ்சிகை எழுதினது, சனம் கோபப்பட்டது, அரசு ஒரு தாள் அனுப்பினது. கோடு நகர்ந்தது.

'அப்ப இது இயந்திரக் கற்றலின் பிழை இல்லையே, முதலாளிகளின் பழைய ஆசைதானே' எண்டு ஆரும் கேட்கலாம். பாதி உண்மை. அமெரிக்காவின் டொமினோஸ் பீட்சா 1980களில் '30 நிமிடத்துக்குள் வராட்டில் காசு வேண்டாம்' என்ற மாதிரி வாக்குறுதி கொடுத்து ஓடியது. அதில் எந்த மாதிரியும் இல்லை, மரமும் இல்லை, நரம்பு வலையமைப்பும் இல்லை. டெலிவரி வாகனம் மோதிய ஒரு வழக்கில் செயின்ட் லூயிஸ் நகர ஜூரி 7 கோடி டொலருக்கு மேல் நட்டஈடு கொடுக்கச் சொன்ன பிறகு, 1993இல் அந்த வாக்குறுதியை நிறுவனம் அங்கே கைவிட்டது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கு. 30 நிமிடம் எண்டது சுவரில எழுதி ஒட்டின எண். அது பொய் எண்டால் அதைக் காட்டி வழக்குப் போடலாம், விளம்பரத்தைக் கிழிக்கலாம். இப்ப ஒவ்வொரு ஓடருக்கும் ஒவ்வொரு எண், ஒவ்வொரு செக்கனும் மாறுது. எதைக் காட்டி வழக்காடுவது? 'எங்களுக்கே தெரியாது, மாதிரிதான் சொன்னது' எண்டு கையை விரிக்கலாம். அந்தக் காலத்து முதலாளிக்கு இந்த வசதி இருக்கவில்லை.

சரி, இலங்கைக்கு வருவம். பிக்மீ 2015இல் தொடங்கியது, ஊபர் ஈட்ஸ் 2018இல் கொழும்புக்கு வந்தது. இப்ப கொழும்பில் போர்டிங்கில இருக்கிற எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இவை இல்லாட்டில் பாதி இரவு பட்டினி. வெள்ளவத்தைப் பக்கம் வந்து பாருங்கோ. காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையில ஒழுங்கைக்கு ஒழுங்கை அடுக்குமாடி. வரைபடத்தில ஒழுங்கை வாசலோட பயணம் முடிஞ்சுபோகும். ஆனால் செக்கியூரிட்டி அண்ணை பெயர் எழுதச் சொல்லுவார், சில இடங்களில் டெலிவரிக்காரருக்கு முன் லிஃப்ட் கிடையாது எண்டு பின் பக்கம் அனுப்புவார், பின் பக்க லிஃப்ட் எட்டாம் மாடியில நிற்கும். தரவில் இது எல்லாம் சேர்ந்து 'மிச்சம்' எண்டு ஒரு சொல்லாகச் சுருங்கிப் போகும். மாதிரிக்கு அது சராசரி எடுக்கவேண்டிய இரைச்சல். ரைடருக்கு அதுதான் வேலையின் கஷ்டமான பகுதி.

இன்னும் இருக்கு. வெசாக் நாட்களில் தன்சல் வரிசை வீதியை மறிக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றின வீதிகள் மூடப்பட்டு யாழ்ப்பாணத்தில எல்லாரும் சுத்தித்தான் போகவேண்டும். மிச்ச பதினொரு மாதத் தரவில் கற்ற மாதிரிக்கு ஆவணி மாதம் ஒரு புதிராகத்தான் இருக்கும். 2022ஐ நினைச்சுப் பாருங்கோ. அந்த ஜூன் மாதம் வீதியெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது, ட்ராபிக் இல்லை. வேகத்தை மட்டும் பார்க்கிற மாதிரி 'இண்டைக்கு நல்ல நாள், பத்து நிமிடத்தில போகலாம்' எண்டு நினைச்சிருக்கும். ஆனால் ஓடவேண்டியவர் பெற்றோல் வரிசையில இரண்டாம் நாளாக நிற்கிறார். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கடந்தகாலத்தில் கற்றதை வைத்து நாளையைச் சொல்லுகிற எதுவும் எங்கட நாட்டில அடிக்கடி தடுமாறும். தடுமாறட்டும், பரவாயில்லை. தடுமாறும்போது விழுவது ஆர் என்பதுதான் எங்கட கவலை.

இதை எழுத எங்களைத் தூண்டியது உண்மையில் ஒரு தரவுத்தொகுதி. கணினி விஞ்ஞானம் படிக்கிற நண்பர்கள் இறுதி வருட ஆய்வுக்கு 'சாப்பாட்டு டெலிவரி நேரக் கணிப்பு' எண்டு எடுப்பது இப்ப ஒரு வழக்கமாகிட்டுது. காரணம் லேசு. காகிள் தளத்தில இந்தியத் தரவுத்தொகுதி ஒன்று இலவசமாகக் கிடைக்குது, 45 ஆயிரத்துக்கும் மேல் நிரைகள். நாங்கள் கலைப்பீடக்காரர் எண்டபடியால் நிரைகளை விட்டிட்டு நிரல்களின் தலைப்பை வாசிச்சம். ஒரு கவிதையை வாசிக்கிற மாதிரி, என்ன சொல்லுது, என்ன சொல்லாமல் விடுது எண்டு.

ரைடரின் வயது இருக்கு. ரைடரின் ரேட்டிங் இருக்கு. வாகனத்தின் நிலைமை இருக்கு. ட்ராபிக் எவ்வளவு, ஒரே நேரத்தில எத்தனை டெலிவரி கொண்டுபோகிறார், எல்லாம் இருக்கு. 'திருவிழா' எண்டு ஒரு நிரல்: ஆம் அல்லது இல்லை. தீபாவளியும் பொங்கலும் ஒரு 'ஆம்'. காலநிலை நிரலில் மணற்புயல் இருக்கு, பனிமூட்டம் இருக்கு, வெறும் மழை இல்லை. (வெள்ளவத்தையில மணற்புயல் வந்தால் சொல்லுங்கோ.) கடையில் காத்திருந்த நேரத்தைத் தனியாகச் சொல்லுகிற நிரல் இல்லை, ஓடர் போட்ட நேரத்தையும் சாப்பாட்டை எடுத்த நேரத்தையும் கழிச்சுப் பார்த்துத்தான் ஊகிக்கவேண்டும். எத்தனையாம் மாடி எண்டு இல்லை, கேற்றில மறிச்சார்களா எண்டு இல்லை. அண்டைக்கு அவர் எத்தனை மணித்தியாலமாக ஓடிக்கொண்டிருந்தார் எண்டும் இல்லை.

இப்ப இந்த நிரல்களைக் கொடுத்து 'நேரம் ஏன் கூடுது?' எண்டு ஒரு மாதிரியிடம் கேட்டால் அது என்ன சொல்லும்? இருக்கிறதை வைத்துத்தான் சொல்லும். வயது கூடினால் நேரம் கூடுது, ரேட்டிங் குறைஞ்சால் நேரம் கூடுது. இணையத்தில பிரபலமான ஒரு பயிற்சிப் பாடம் வயது, ரேட்டிங், தூரம் என்ற மூன்றை மட்டும் வைத்தே மாதிரியைக் கட்டுது. அதைப் பின்பற்றுகிற பிள்ளை தெரியாமலே ஒரு முடிவுக்கு வந்திடும்: பிந்துவதற்குக் காரணம் ரைடர் என்ற மனிதரின் ஏதோ ஒரு குணம். கடை பிந்தினது, கேற் மறிச்சது, லிஃப்ட் வராதது எல்லாம் நிரலாக இல்லாததால் அவற்றின் பாரமும் இருக்கிற நிரல்களின் தலையில விழும், அதாவது மனிதரின் தலையில. எங்கட மொழியில சொன்னால் எழுவாய் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஒரு வசனம் அது.

எதை அளப்பது எண்டு ஆர் தீர்மானிக்கிறார் என்ற கேள்வி எங்கட பாடம். சமூகவியலில குடித்தொகை மதிப்பீட்டைப் பற்றிப் படிக்கும்போது, வரலாற்றில காலனிக்கால வரி ஏடுகளைப் பற்றிப் படிக்கும்போது இதைத்தான் கேட்கிறம். ஆனால் பக்கத்துப் பீடத்தில கட்டப்படுகிற மாதிரியிடம் ஒருக்காலும் கேட்டதில்லை. கணிதம் தெரியாதவை பேசக்கூடாது எண்டு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தை விட்டிடுவம்.

எங்களுக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. வாடிக்கையாளருக்குக் காட்டுகிற எண்ணும் ரைடரை அளக்கிற எண்ணும் ஒன்றாக இருக்கக்கூடாது. முதலாவது ஒரு ஊகம், '30 முதல் 45 நிமிடம்' எண்டு அகலமாகவே காட்டட்டும். மெய்துவானால் பரீட்சிக்க முடிஞ்சது எண்டால் மற்றவர்களுக்கும் முடியும். இரண்டாவது இருக்கவே தேவையில்லை என்பதுதான் எங்கட பக்கம். இருக்கத்தான் வேண்டும் எண்டால் அது எப்படிக் கணக்கிடப்படுது எண்டு ஓடுகிறவருக்குத் தெரியவேண்டும். ஸ்பெயின் 2021இல் கொண்டுவந்த ரைடர் சட்டத்தில், வேலை நிலைமைகளைப் பாதிக்கிற அல்கோரிதங்கள் எந்த அடிப்படையில் இயங்குகின்றன என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்லவேண்டும் எண்டு எழுதியிருக்கு.

எங்கட நாட்டிலயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. மனிதர் தலையிடாமல் இயந்திரம் மட்டும் எடுத்த 'முடிவு' ஒருவரை மீளமுடியாத அளவுக்குப் பாதித்தால், அதை மீளாய்வு செய்யச் சொல்லிக் கேட்கலாம் எண்டு அதில ஒரு ஏற்பாடு. நல்ல விசயம். ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கோ: முடிவு. திரையில தெரிகிற 32ஐ ஆரும் முடிவு எண்டு சொல்வதில்லை. அது 'மதிப்பீடு', 'உத்தேச நேரம்'. ரைடரின் கணக்கு முடக்கப்பட்டால் அது முடிவு, கேள்வி கேட்கலாம். அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்த ஆயிரம் உத்தேச நேரங்கள் சட்டத்தின் கண்ணில் படாமலே போய்விடும். ரைடர்கள் ஊழியர்கள் இல்லை, 'பங்காளர்கள்' எண்டு எழுதப்பட்டிருப்பதால் ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. சொற்களோட வேலை செய்கிறவை நாங்கள். இந்தச் சொற்களைக் கிண்டிப் பார்க்க எங்களைவிட ஆர் வேணும்?

கணினிப் பீடத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த செமஸ்டரில இந்தத் தலைப்பை எடுக்கிறவை காகிளோட நிற்காமல், கம்பஸ் கேற்றடியில நிற்கிற பத்து ரைடர்களிட்ட ஒரு கிழமை கதைச்சுப் பாருங்கோ. கடையில காத்திருந்த நேரம், கேற்றில நிண்ட நேரம், லிஃப்டுக்கு நிண்ட நேரம் எண்டு மூன்று நிரல் கூட்டுங்கோ. வயது நிரலை எடுத்துவிட்டு மாதிரியைத் திரும்ப ஓட்டிப் பாருங்கோ. கேள்விக்கொத்து எழுத, கதை கேட்க, தமிழிலயும் சிங்களத்திலயும் குறிப்பெடுக்க நாங்கள் வாறம். வாய்மொழிப் பரீட்சையில 'உங்கட மாதிரி எத்தனை சதவீதம் சரி?' எண்டுதான் முதலில கேட்பினம். சொல்லிப்போட்டு, பிழைச்ச மிச்சச் சதவீதம் எந்தெந்த வீதியில, எந்தெந்த நேரத்தில, ஆருடைய பயணங்களில விழுந்தது எண்டும் ஒரு அட்டவணை போட்டுக் காட்டுங்கோ.